செல்போனில் புகுந்த ஒற்றன்: அறிவதும் அகற்றுவதும்

(மும்பை தாராவியில் நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, செல்போனில் புகுந்து வேவு பார்க்கும் செயலிகள். ஸ்பைவேர் என்று பையன்கள் சொல்வார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய போன், நாம் காசு கட்டும் ரீசார்ஜ். அதற்குள்ளே நமக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு, நம்முடைய பேச்சையும் படத்தையும் வங்கிச் செய்தியையும் வேறொருவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற ஒற்றன் அது. இதைப் பற்றிப் பேச ஒரு இன்ஜினியரை அல்லவா அழைத்திருக்க வேண்டும், சங்கத்துக்காரன் ஏன் பேசுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். இதில் பாதி இன்ஜினியர் வேலை, பாதி சங்கத்து வேலை. ஒன்றை விட்டு மற்றதைச் செய்ய முடியாது என்பதுதான் என் கட்சி.

ஒட்டுக்கேட்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1988-இல் கர்நாடக முதலமைச்சராக இருந்த ராமகிருஷ்ண ஹெக்டே டெலிபோன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான் பதவி விலகினார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசாங்கம் ஒருவருடைய டெலிபோனைக் கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், அந்த உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு வந்து நான்கு ஆண்டு ஆவதற்குள், 2021 ஜூலையில், பெகாசஸ் விவகாரம் வெடித்தது. இஸ்ரேல் நாட்டு என்.எஸ்.ஓ. என்ற கம்பெனி செய்த சரக்கு அது. அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்கிறோம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. போன்காரன் எதையும் அழுத்த வேண்டியதில்லை, தானே உள்ளே நுழைந்துவிடும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்திருப்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் சொன்னார். ஒத்துழைக்க மறுத்தது யார், ஏன் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

ஆனால் தோழர்களே, தோல் பட்டறையில் பை தைக்கிறவன் வீட்டுக்கும், விடியற்காலை நாலு மணிக்கு இட்லி அவிக்கிற அம்மா வீட்டுக்கும் பெகாசஸ் வராது. அது பெரும் பணம் விழுங்குகிற சரக்கு. நம்மை வேவு பார்க்க அவ்வளவு செலவு எதற்கு? நம் விரலே போதும். "அலோ" என்று ஒரு பொத்தான் வருகிறது. அனுமதி கொடுக்கிறாயா என்று கேட்கிறான். அவசரத்தில் இருக்கிறோம், ஆங்கிலம் புரியவில்லை, அழுத்திவிடுகிறோம். அவசரத்தை உண்டாக்குகிறவனும் பொத்தானை நீட்டுகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

முதலில் கடன் ஆப். நம் பகுதித் தோழர் ஒருவர், பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆப்பைத் தட்டினார். கையில் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாள் ஐயாயிரத்தையும் கட்டு என்றான். எட்டாம் நாள் அவர் ஊரிலே, திருநெல்வேலிப் பக்கம், மாமனாருக்கும் ஊர்ப் பெரியவருக்கும் பெண்ணின் டீச்சருக்கும் "இவன் திருடன்" என்று அவர் போட்டோவோடு செய்தி போயிற்று. ஆப்பை ஏற்றும்போதே போனில் உள்ள பெயர், நம்பர், படம் அத்தனையையும் உறிஞ்சிவிட்டான். கடனுக்கு அடமானம் அவருடைய மானம்! இது ஒருவர் கதை அல்ல. ரிசர்வ் வங்கியின் குழு 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் எண்ணிப் பார்த்தபோது, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை. அதன்பின் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையோ, படங்களையோ, யாரிடம் பேசினீர்கள் என்ற கணக்கையோ தொடக்கூடாது. ஆகவே எந்தக் கடன் ஆப் "காண்டாக்ட்ஸ்" அனுமதி கேட்கிறதோ, அந்தக் கேள்வியாலேயே அவன் விதியை மீறியவன் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு சோதனை தேவையில்லை.

அடுத்தது வாட்ஸப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை. 2024-இல் பல மாநிலப் போலீசார் இதைப் பற்றி எச்சரித்தார்கள். பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக வரும். இது "ஏ.பி.கே." என்ற முடிவோடு வரும். அது பத்திரிகை அல்ல, ஆப். போக்குவரத்து அபராதம், வங்கிக் கணக்கு முடக்கம், அரசாங்க உதவித்தொகை, மின்சாரக் கட்டணம் என்று பல வேடத்தில் வரும். அழுத்தினால் உள்ளே உட்கார்ந்து உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யைப் படித்து அனுப்பிவிடும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும் நம்பாதீர்கள். அவர் போனைப் பிடித்த ஒற்றன்தான் உங்களுக்கும் அனுப்புகிறான்.

மூன்றாவது வேலை கொடுக்கிறவன். இது சங்கத்துக்கு மிக முக்கியம். நாகபுரியிலும் சண்டிகரிலும் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டினார்கள். ஹரியானாவில் 2021-இல் ஆஷா ஊழியர்களின் போன்களில், தூரத்தில் உட்கார்ந்தே ஆளக்கூடிய ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? தனித்தனியாகப் பயந்துகொண்டு அழுத்தவில்லை. கூட்டாக மறுத்தார்கள், தெருவில் இறங்கினார்கள். இங்கே கான்ட்ராக்டர் வருகைப் பதிவு ஆப் என்று ஒன்றைக் கொடுத்தால் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்: வேலை நேரம் முடிந்த பிறகும் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்குமா? மைக்கும் காமிராவும் எதற்கு? எடுக்கும் விவரம் யாரிடம் போகிறது? அவ்வளவு அவசியமென்றால் கம்பெனி போன் கொடுக்கட்டுமே! ஒருவன் போய்க் கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது. நாற்பது பேர் கையெழுத்தோடு கேட்கவேண்டிய கேள்வி இது.

நான்காவதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளேயே வேவு. ஒரு சகோதரி என்னிடம் வந்து, "அண்ணே, நான் அம்மாகிட்ட போன்ல பேசினது ஒண்ணுவிடாம அவருக்குத் தெரியுது, எப்படின்னு புரியலே" என்றார். சம்பாதிக்கப் புருஷன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று வாழ்கிற குடும்பங்கள் நாம். சந்தேகத்துக்கு இன்று நூறு ரூபாய்க்கு மருந்து விற்கிறான் கடைக்காரன். ஐந்து நிமிஷம் போன் கையில் கிடைத்தால் ஏற்றிவிடலாம். மனைவி போனில் ஒற்றனை வைக்கிறவனை வெளியே நம்மைப் போலவே "தோழர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதையும் மறக்கவேண்டாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் பிறர் கருவிக்குள் நேர்மையற்ற நோக்கத்தோடு புகுவதற்கு மூன்றாண்டுச் சிறை வரை உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையத் தொடர்பைக் கண்காணிக்கும் ஆணைக் குற்றவாளி என்கிறது.

சரி, போனில் ஒற்றன் இருக்கிறானா என்று எப்படி அறிவது?

போன் சூடாகிறது, பாட்டரி இறங்குகிறது, டேட்டா சீக்கிரம் தீருகிறது என்றால் ஒற்றன் என்று சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. நாலு வருஷப் போன் சும்மாவே சூடாகும். சந்தேகப்பட அது காரணம், சாட்சி ஆகாது. சாட்சி செட்டிங்ஸில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு போன் என்பதால் அதையே சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி இடம் சற்று மாறும். தேடும் பெட்டியில் பெயரை அடித்தால் காட்டிவிடும்.

"ஆக்சஸிபிலிட்டி" என்று ஒரு இடம். கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக நல்ல எண்ணத்தோடு வைத்த வசதி. இதற்கு அனுமதி பெற்ற ஆப், திரையில் தெரிவதையெல்லாம் படிக்கலாம், உங்கள் விரலுக்குப் பதிலாகத் தானே பொத்தானையும் அழுத்தலாம். ஒற்றனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கே "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" என்றோ "டவுன்லோடட் ஆப்ஸ்" என்றோ இருப்பதைத் திறந்து, எந்த ஆப்புக்கு "ஆன்" என்று இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் போனில் ஒன்றும் ஆன் ஆகியிருக்கக் காரணமே இல்லை. அடுத்து "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்". இதில் இடம்பிடித்த ஆப் தன்னை நீக்கவிடாது. கூகுளின் "ஃபைண்ட்" போன்ற ஒன்றிரண்டு இருக்கலாம். பெயர் தெரியாதது இருந்தால் அவன்தான். பிறகு "நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்", அதாவது வரும் செய்திகளைப் படிக்கும் உரிமை. பிறகு "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்". இதில் வாட்ஸப்புக்கும் பிரவுசருக்கும் அனுமதி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், கல்யாணப் பத்திரிகை நுழைகிற வாசல் அதுதான்.

முழு ஆப் பட்டியலையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். ஒற்றன் தன் பெயரை ஒற்றன் என்று போடமாட்டான். "சிஸ்டம் சர்வீஸ்", "அப்டேட்" என்று அதிகாரி மாதிரி பெயர் வைத்திருப்பான். சிலது பெயரே இல்லாமல் வெறும் கட்டமாக இருக்கும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தினால் "பிளே புரொடெக்ட்" வரும். அது அணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் அணைக்கவில்லையென்றால், யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிந்திய போன்களில் காமிராவோ மைக்கோ ஓடும்போது மேலே மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நீங்கள் பேசாத நேரத்தில் அது எரிந்தால் கவனியுங்கள்.

ஒரு ஆப்பும் ஏற்றாமலே வேவு பார்க்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பில் "லிங்க்டு டிவைசஸ்" திறந்து பாருங்கள். நீங்கள் அறியாத கம்ப்யூட்டர் அங்கே இருந்தால், உங்கள் செய்தியெல்லாம் இன்னொருவன் மேஜையில் ஓடுகிறது என்று பொருள். அழுத்தினால் "லாக் அவுட்" வரும். கால் செட்டிங்ஸில் "கால் ஃபார்வர்டிங்" பாருங்கள், உங்களுக்கு வரும் அழைப்பு வேறு நம்பருக்குத் திரும்புகிறதா என்று. நம் ஆட்களிடம் பெரிய ஓட்டை ஜிமெயில். போன் வாங்கிய கடையில் கடைக்காரப் பையனே ஒரு ஜிமெயிலை உண்டாக்கி, பாஸ்வேர்டும் அவனே வைத்துக்கொண்டு, "ஆயிற்று அண்ணாச்சி" என்று கொடுத்துவிடுகிறான். நம் போட்டோ, நம்பர், நாம் போகும் இடம் எல்லாம் அந்த ஜிமெயிலில்தான் சேருகிறது. சாவி கடையில், பூட்டு நம் வீட்டில்!

இனி அகற்றுவது. முதலில், அழிப்பதற்கு முன் அந்த ஆப்பின் பெயரையும் வந்த மிரட்டலையும் இன்னொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு போலீசுக்குக் காட்ட ஒன்றுமிராது. பிறகு டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். டிவைஸ் அட்மினிலிருந்தும் ஆக்சஸிபிலிட்டியிலிருந்தும் அவனை இறக்கிவிட்டு, அதன்பின் "அன்இன்ஸ்டால்" செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். பதவியில் இருப்பவனை வேலைநீக்கம் செய்ய முடியாதல்லவா? முதலில் பதவி, பிறகு ஆள். நீக்கப்போனால் திரை தானாகப் பின்னுக்குப் போகிறதா, அவன் எதிர்க்கிறான். அப்போது "சேஃப் மோட்". பல போன்களில் பவர் பொத்தானை அமுக்கி, திரையில் வரும் "பவர் ஆஃப்" மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் வெளியிலிருந்து வந்த ஆப் எதுவும் ஓடாது. தூங்குகிறவனை வெளியே எடுத்துப் போடலாம்.

அப்படியும் போகாவிட்டால், அல்லது பணமே போயிருந்தால், "ஃபாக்டரி ரீசெட்". போன் புதிதாக வாங்கியது போல் ஆகிவிடும். அதற்கு முன் படங்களையும் நம்பர்களையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் ஆனபின் பழைய ஆப்களைக் கூட்டமாகத் திரும்ப ஏற்றாதீர்கள், ஒற்றனும் கூட்டத்தோடு வந்துவிடுவான். மறக்கக்கூடாத ஒன்று: ரீசெட் செய்தபின் போன் பழைய ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்கலாம். கடைக்காரப் பையனின் ஜிமெயில் என்றால் உங்கள் பத்தாயிரம் ரூபாய்ப் போன் பூட்டிக்கொண்டு செங்கல்லாகிவிடும். ஆகவே சொந்த ஜிமெயில் முதலில், ரீசெட் பிறகு. கடைசியாக எல்லாப் பாஸ்வேர்டையும், யூ.பி.ஐ. பின்னையும், திரைப்பூட்டையும் மாற்றுங்கள். ஒற்றன் இருக்கும் போனிலேயே மாற்றினால் புதியதையும் அவனிடமே கொடுத்ததாகும். சுத்தமான போனிலிருந்து மாற்றவேண்டும்.

இத்தனையும் தாய்மார்களுக்கு அப்படியே பொருந்தாது. வீட்டில் அடிக்கிறவன் வைத்த ஒற்றனானால், நீக்கியவுடனே அவனுக்குத் தெரிந்துவிடும். அன்று இரவு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். போனைத் தொடுவதற்கு முன்னால், வேறொருவர் போனிலிருந்து உங்களுக்கு வேண்டியவரிடம் பேசுங்கள், எங்கே போய்த் தங்கலாம் என்று பாருங்கள். 181 பெண்கள் உதவி எண், உடனடி ஆபத்தென்றால் 112. இந்தப் பேச்சுகளையும் அந்தப் போனில் பேசவேண்டாம். எப்போது நீக்குவது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்யவேண்டும். அவசரப்பட்டு உதவி செய்யப் போகும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

பணம் போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு. காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை, உன் ஊருக்குப் போ" என்று சொன்னால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு. மராத்தியில் எழுதத் தெரியவில்லையே என்று திரும்பி வந்துவிடாதீர்கள். எழுதித்தர சங்கத்தில் ஆள் இருக்கிறது, கூடவும் வருவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சங்க அலுவலகத்தில் போன் சோதனைக்கு மூன்று மேஜை போடுகிறோம். ஒரு மேஜையில் பெண் தோழர்களே இருப்பார்கள், அங்கே ஆண்களுக்கு வேலை இல்லை. போனை யாரிடமும் கொடுக்கவேண்டாம். உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எங்கே அழுத்துவது என்று மட்டும் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பின் நம்பரை எங்களிடமும் சொல்லவேண்டாம். கான்ட்ராக்டர் ஏற்றச் சொன்ன ஆப் இருந்தால் அதன் பெயரையும் உங்கள் சைட்டையும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்களைச் சேர்த்து உட்காரவைக்கவேண்டும். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், ரீசெட் முடிய நேரமாகும்.